மூன்றாவது பச்சை

அப்பா இறந்து பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் இன்னும் அவருடைய நகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு. வலது கைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகத்துக்கும் சதைக்கும் நடுவே சாம்பல் நிறச் சாயம் ஏறி இறுகியிருந்தது. விரல்கள் மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தன. ஏன் விறைக்கிறது என்று கல்லூரியில் படித்திருக்கிறாள். இன்னும் ஒரு நாள் விட்டால் தானாகத் தளர்ந்துவிடும் என்பதும் தெரியும். அந்த ஒரு நாள் இல்லை. உச்சி வெயிலுக்கு முன்னால் வண்டி வந்துவிடும்.

“விடுடி,” என்றாள் அத்தை. “போற எடத்துல எவன் நகத்தப் பாக்கப் போறான்?”

“தம்பி பாப்பான் அத்தை.”

“செத்துப்போன அப்பன் மொகத்தப் பாப்பானா, நகத்தப் பாப்பானா? நல்லா இருக்குடி உன் நியாயம்.”

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வயது அறுபத்தைந்து தாண்டியும் கழுகுக் கண். விடியற்காலையில் வந்து இறங்கி அண்ணன் காலைப் பிடித்து அழுதாள். அழுது முடித்த கையோடு அலமாரி இடுக்கில் விழுந்து கிடந்த சீப்பை எடுத்து மேலே வைத்தாள். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி முட்டையிட்டிருக்கிறது என்று சொன்னாள். அழுகை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

அத்தை கொண்டுவந்த துணிப்பை கட்டில் காலோரம் கிடந்தது. பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாய்க் கலந்த பட்டாளத்துத் துணி. மில்லில் மிஞ்சிய துண்டுகள் சந்தைக்கு வந்து சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. தள்ளுவண்டிக்காரரின் கால்சட்டை அது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் தொப்பி அது. முனையிலிருக்கும் தேநீர்க் கடையில் வெயிலுக்குக் கட்டியிருக்கும் படுதாவும் அதுதான். அப்பா அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார். அவள் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்தத் திட்டுகளை வரைந்தது அப்பா.

இது ஐந்து பேருக்குத்தான் தெரியும். அம்மா, மில் மேலாளர், நேற்று அப்பா என்று அவர்களில் மூன்று பேர் இல்லை. மிச்சமிருந்தது அவளும், மில்லில் அப்பாவோடு வேலை செய்த சாயக் கலவைக்காரரும்.

அப்பா துணி மில்லில் அச்சுக்குப் படம் போடுகிறவர். பூ, கொடி, கட்டம், மாங்காய், எதைக் கேட்டாலும் போடுவார். ஒரு நாள் மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டாளத்துக்கு ஒரு துணி வேண்டும், மாதிரியை இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும், வெளியே மூச்சு விடக்கூடாது என்றார். எந்த இடத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று அப்பா கேட்டார். “அது நமக்கு எதுக்கு? காடுன்னு நெனச்சுக்கோங்க,” என்றார் மேலாளர். அப்பா காட்டைப் பார்த்ததே இல்லை. இரண்டு வாரம் மில்லுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். மூன்று பச்சை, ஒரு பழுப்பு. நான்கையும் ஆலையின் சாயத்தில் கொண்டுவந்தவர் கலவைக்காரர். தலைமை அலுவலகத்தில் பெரியவர்கள் கூடி, அந்தத் துணியை வாசலில் இருந்த செடி வேலியின் மேல் விரித்துப் பார்த்தார்களாம். நன்றாக மறைகிறது என்று கையெழுத்துப் போட்டார்களாம். மில் அப்பாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. பல்லி முட்டையிட்டிருப்பது அதற்குப் பின்னால்தான்.

பதினேழு வருடம் கழித்துத் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து, அதே துணியைப் போட்டுக்கொண்டு முதல் விடுமுறைக்கு வந்து நின்றான். கதவைத் திறந்த அப்பா மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைக் கையைத் தொட்டார். விரல் நுனியால் ஒரு திட்டின் ஓரத்தைச் சுற்றி வந்தார். “நல்லா இருக்கு,” என்றார். அன்று இரவு சாப்பிடும்போது சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்து வந்து போயிற்று. அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“இனிமே எல்லைக்கு மாத்தறாங்கப்பா. மலைன்னா மரம் இருக்கும்னு நெனச்சுடாதீங்க. மொட்டக் கல்லு. சாம்பலக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குமாம். அதுல நாங்க இந்தச் சட்டையோட போய் நின்னா, வெறும் தட்டுல வெச்ச கீரை மாதிரி தெரிவோம்னு சீனியருங்க சிரிக்கறாங்க.”

அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தச் சட்டைக்கு ஒரு கதை வந்தது. ஈர மண்ணைக் குழைத்துச் சட்டை மேல் பூசிக்கொள்வார்களாம். மறுநாள் அதிகாரி வந்து, சட்டை அழுக்கு என்று வரிசையில் நிற்க வைத்துத் துவைக்கச் சொல்வாராம். “துவைச்சா எதிரிக்குத் தெரிவோம், துவைக்கலன்னா அதிகாரிக்குத் தெரிவோம்,” என்பான் தம்பி. அவனோடு பயிற்சி எடுத்த ஒருவனைப் பற்றியும் சொல்வான். ஆள் உயரம் என்பதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர். ஒட்டடைக்குச்சி குப்புறப் படுத்தால் பாறை மேல் ஒரு தோட்டம் முளைத்த மாதிரி இருக்குமாம்.

நான்காவது விடுமுறையில் தம்பி சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

“சரிவுல படுத்திருந்தான். அசையல. எங்களுக்குச் சொல்லிக்குடுத்தபடியே மூச்சுகூடப் பாத்துப் பாத்துத்தான் விட்டான். அசையாம இருந்தும் தெரிஞ்சான்கா. அவ்வளவு தூரத்துல எனக்கே தெரிஞ்சான். அந்தப் பக்கம் இருக்கறவனுக்குத் தெரியாதா?”

தட்டைத் தள்ளி வைத்தான்.

“இத வரைஞ்சவன் எவனோ ஒருத்தன் எங்கயோ நல்லா சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பான்ல. அவன் வீட்டுலேர்ந்து ஒருத்தன இந்தச் சட்டையப் போட்டு அங்க கொண்டுபோய்ப் படுக்க வெக்கணும். அப்பத் தெரியும் அவனுக்கு.”

“ஆமாப்பா,” என்றார் அப்பா. தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார்.

மறுநாள் காலை அவர் தம்பியின் பூட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். “விடுங்கப்பா, நான் துடைச்சுக்கறேன்,” என்று தம்பி கூச்சப்பட்டான். அப்பா விடவில்லை. அடிப்பாகத்துப் பள்ளங்களிலிருந்து தூசியை ஒரு குச்சியால் கிளறி, பழைய செய்தித்தாளில் கொட்டினார். தம்பி குளிக்கப் போனதும் தாளை மடித்துத் தூசியைக் காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு மூடினார். விடுமுறைக்கு ஒரு டப்பா. பின்கட்டு அலமாரியில் அவை வரிசையாக நிற்கின்றன. துவைக்கப் போட்ட சட்டையின் தையல் ஓரங்களைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை.

பிறகு சாப்பிடும்போது கேட்பார்.

“அங்க கல்லு காலைல எப்படி இருக்கும்?”

“கல்லு கல்லு மாதிரிதான்பா இருக்கும்.”

“இல்லடா, சாயங்காலம் செவப்பு அடிக்குமா?”

“சாயங்காலம் நான் கல்லப் பாத்துட்டு நிக்க முடியுமா? நல்லா கேட்டீங்க.”

ஓய்வு பெற்றவர் திரும்பவும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தது அப்போதுதான். பழைய துணித் துண்டுகளில் சாம்பல், மங்கிய மண், கொஞ்சம் வெளிறிய நீலம். டப்பாவில் இருந்த தூசியைப் பக்கத்தில் கொட்டி ஒப்பிடுவார். “டியூப் லைட் பொய் சொல்லும்டி, வெயில்ல கொண்டுபோய்ப் பாரு,” என்று அவளை அனுப்புவார். அவள் வேலை பார்ப்பது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். சோதனைக் குழாயில் வரும் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் நாள் முழுக்க வேலை. நிறத்துக்கு அவள் கண் தப்பாது.

அதனால்தான் அவளுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. எந்தக் கல்லையும் பொடித்தால் நிறம் வெளுத்துவிடும். தூசியைப் பார்த்துக் கல்லை வரைய முடியாது. அப்பா இந்த முறையும் தப்பான இடத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தார். “கல்லு ஒடைஞ்சாத்தானே தூசி. அதுக்குத் தெரியாதா அதோட நெறம்?” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, அவள் பேசாமல் துணித் துண்டை வெயிலில் பிடித்து, “கிட்ட வந்துட்டீங்கப்பா,” என்றாள். எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

போன மாதம், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, அப்பா அவளை அருகில் கூப்பிட்டார்.

“நான் போனா அவன்கிட்ட சொல்லிடு.”

“நீங்களே சொல்லுங்கப்பா.”

“எனக்கு வாய் வரலடி. நீ சொல்லு. தோள்ல வெக்கிறதுக்கு முன்னாடி சொல்லு. தெரிஞ்சு தூக்கட்டும். வேண்டாம்னா வேண்டாம். தெரியாம மட்டும் தூக்கக் கூடாது.”

நகத்தின் கீழிருந்த சாயம் கடைசிவரை போகவில்லை. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தம்பிக்கு முன்னால் கலவைக்காரர் வந்துவிட்டார். பக்கத்துத் தெருதான். ஒரு கையில் தடி, இன்னொரு கை சுவரில். காது மந்தம். தன் காதுக்கு எட்ட வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “என்ன விட ரெண்டு வயசு சின்னவன்,” என்றார். பிறகு, “மொறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல,” என்று படுத்திருந்தவரிடமே கோபித்துக்கொண்டார்.

அவள் நாற்காலியைக் கூடத்தின் கடைசி மூலையில் போட்டு அவரை உட்கார வைத்தாள். தேநீர் கொடுத்துவிட்டுக் குனிந்து, “மாமா, தம்பி வர்றான். அவன்கிட்ட அதப் பத்திப் பேச வேண்டாம்,” என்றாள்.

“எதப் பத்தி?”

“அந்தத் துணி.”

“எந்தத் துணி?” கூடத்தில் இருந்த நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அவர் காதருகே போய், “நீங்களும் அப்பாவும் செஞ்சது,” என்றாள்.

கலவைக்காரரின் முகம் மலர்ந்தது. “அதுவா? அது பெருமை இல்லையா பாப்பா? அவனுக்கு இன்னுமா தெரியாது?”

அவள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் வார்த்தை நின்றுவிடும். கலவைக்காரர் அவளையே பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, கையைத் தூக்கித் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டார். “நான் பூட்டிக்கிட்டேன் போ,” என்றார். அதையும் உரக்கத்தான் சொன்னார்.

தம்பி வந்தபோது வெயில் வாசல் படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. உடை மாற்றக்கூட நேரமில்லாமல் சீருடையிலேயே புறப்பட்டிருக்கிறான். இரண்டு பேருந்து, ஒரு ரயில், மறுபடி ஒரு லாரி. படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். கழற்றியவன் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு எழுந்து உள்ளே வந்தான்.

அழவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

“கையில என்னக்கா?”

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை வேறு பக்கம் பார்த்தாள்.

“பெயிண்ட்,” என்றாள்.

“இன்னும் வரைஞ்சிட்டிருந்தாரா? என்ன வரைஞ்சாரு?”

“கல்லு.”

“கல்லா?”

“கல்லுதான்.”

அவன் ஒன்றும் புரியாமல் தலையசைத்தான். மூலையிலிருந்து தடி ஊன்றும் சத்தம் கேட்டது. கலவைக்காரர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவள் குறுக்கே போவதற்குள் அவர் தம்பியின் அருகில் வந்து குனிந்து, அவன் சட்டைக் கையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

“மூணாவது பச்சை வெளுத்துடுச்சு,” என்றார்.

“என்ன மாமா?”

“நிக்காதுன்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டேன்...”

“மாமா மில்லுல இருந்தவரு,” என்றாள் அவள் அவசரமாக. “எந்தத் துணியக் கண்டாலும் இப்படித்தான்.”

கலவைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கையை உதட்டின் மேல் வைத்தபடி திரும்பித் தன் மூலைக்குப் போனார். போகிற வழியில் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழுதுகொண்டுதான் இருந்தார்.

தம்பி குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். டம்ளரைக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அலமாரியில் இருந்த தட்டுகளைப் பார்த்தான். இரண்டு தட்டு வெளியே, மிச்சம் எல்லாம் உள்ளே.

“நீ எப்படிக்கா இந்த வீட்டுல தனியா இருப்ப?”

“இருந்துக்குவேன்.”

“இருந்துக்குவ. ஏன், பேசறதுக்கு ஒரு ஆள் வேண்டாமா? அப்பாவும் பேச மாட்டாரு, நீயும் பேச மாட்ட. ஆனா அது வேற. ரெண்டு பேர் பேசாம இருக்கறது வேற, ஒருத்தர் பேசாம இருக்கறது வேற.” டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்தான். “நான் இருக்கேன். வாராவாரம் போன் பண்றேன். சிக்னல் இல்லன்னா ரெண்டு கல்லு ஏறியாவது பண்றேன். உனக்கு நான், எனக்கு நீ. வேற யாரு இருக்கா?”

அவள் வாயைத் திறந்தாள். “மாத்துச் சட்டை வேணுமா?” என்று கேட்டாள்.

வெளியே அத்தையும் அதைத்தான் சொன்னாள். “அந்தத் திட்டுத் திட்டுச் சட்டையக் கழட்டுடா. ரெண்டாவது பொத்தான் வேற இல்ல. உங்கப்பன் வெள்ளச் சட்டை நாலு இருக்கு, ஒண்ண எடுத்து மாட்டு.”

“இருக்கட்டும் அத்தை,” என்றான் தம்பி. “அப்பாவுக்கு இது பிடிக்கும். ஒவ்வொரு தடவ வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. இதோடவே தூக்கறேன்.”

அவள் சமையலறைக்குள்ளேயே நின்றாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். வாராவாரம் வரப்போகிற தொலைபேசி அழைப்பை நினைத்தாள். அது வராமல் போகும் வாரங்களை நினைத்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கலவைக்காரர் பூட்டிக்கொண்டுவிட்டார். படுத்திருப்பவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. கல்லைப் பற்றி அவரிடமே சொல்லாமல் விட்டவள்தானே.

கூடத்தில் கடிகாரம் அடித்தது. வாசலில் வண்டி வந்து நின்றது.

ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கட்டிலை நகர்த்த வேண்டும், நாற்காலிகளை எடுக்க வேண்டும். யாரோ கதவின் இன்னொரு பாதியையும் திறந்தார்கள். “புள்ளையாண்டான் எங்க? தலைமாட்டுல அவன்தானே நிக்கணும்?” என்று ஒருவர் கேட்டார். தம்பி கூடத்தில் இல்லை. வாசலில் இல்லை. பூட்ஸ் மட்டும் படியில் இருந்தது.

“பின்னாடி பாருடி,” என்றாள் அத்தை.

அவள் பின்கதவைத் திறந்தாள். வெயிலில் கண் கூசியது. கொல்லைப்புறம் சின்னது. ஒரு துவைக்கிற கல், ஒரு கொடிக்கயிறு, சுவரோரம் ஒரு பழைய கொய்யா மரம். மரம் தாழ்ந்து கவிந்திருந்தது. கிளைகளுக்கு இடையே விழுந்த வெயில் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அடிமரத்தில் பட்டை உரிந்த இடங்கள் ஒரு நிறம், உரியாத இடங்கள் ஒரு நிறம். யாரும் இல்லை. அவள் கதவைச் சாத்தத் திரும்பினாள்.

“அக்கா.”

குரல் மிக அருகில் கேட்டது. அவள் நின்றாள். மரத்தைப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. பிறகு அடிமரத்தின் ஒரு பக்கம் மெல்ல நகர்ந்தது. முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றிருந்தவன் தலையை நிமிர்த்தினான். கண்கள் சிவந்திருந்தன.

“இங்கதானே நிக்கிறேன். கண்ணு தெரியலையா?”

அவள் கதவைத் தன் பின்னால் சாத்தினாள். இரண்டடி நடந்து நிழலுக்குள் வந்தாள்.

“வண்டி வந்துடுச்சா?” என்றான்.

“ம்.”

“போலாம்.” போகாமல் நின்றான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தவன் அந்தக் கையையே பார்த்தான். “அந்தப் பெரியவர் என்னமோ மூணாவது பச்சைன்னாரே. என்னக்கா அது?”

உள்ளே கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

“தூக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “அப்பா சொல்லச் சொன்னாரு. கேட்டுட்டுத் தூக்கு. இல்லன்னா விடு.”

அவன் அவளைப் பார்த்தான்.

“மூணாவது பச்சை அதோ, அந்தக் கல்லு ஓரத்துப் பாசி.”

அவன் துவைக்கிற கல்லைப் பார்த்தான். கல்லின் நீர் வழியும் பக்கத்தில் பாசி பிடித்திருந்தது. எப்போதும் பிடித்திருக்கும்.

“உனக்கு அப்போ ரெண்டு வயசு. எனக்கு ஏழு. அப்பா காட்டப் பாத்ததே இல்ல. இங்க உக்காந்துதான் வரைஞ்சாரு. துணிய என் மேல போத்தி இந்த மரத்தடியில உக்கார வெப்பாரு. அம்மா உன்ன இடுப்புலேர்ந்து எறக்கி விடுவாங்க. அக்கா எங்க, போய்த் தேடுன்னு அப்பா சொல்லுவாரு. மொதல் தடவ நேரா ஓடி வந்து என் மேல விழுந்த. ரெண்டாவது தடவ கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்து விழுந்த.”

தம்பியின் கை சட்டையின் மேல் நின்றுவிட்டது. அவன் மெல்ல அந்தக் கையை அடிமரத்தின் மேல் வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

பின்கதவு படாரென்று திறந்தது. அத்தை வாசற்படியில் நின்று கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“எங்கடி அவன்? இங்கயும் காணோமே. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க, நீ என்னடி மரத்தோட பேசிக்கிட்டிருக்க?” என்றாள். பதிலுக்கு நிற்காமல், “தெருவுல பாருங்கப்பா,” என்று சத்தமிட்டபடி உள்ளே போய்விட்டாள்.

கதவு ஆடி ஆடி நின்றது. இருவரும் அசையவில்லை.

“மூணாவது தடவ அந்தப் பாசி நெறத்தையும் சேத்தாரு,” என்றாள் அவள். “நீ என்னத் தாண்டிப் போன. திரும்பி வந்த. இப்ப நிக்கிறியே, அதே எடத்துல நின்னு, அக்காவக் காணோம்னு அழுத. நான் துணிக்குள்ளேர்ந்து கையக் கூட நீட்டினேன். நீ பாக்கல. அழுதுட்டே இருந்த. அதுக்கப்புறம்தான் அப்பா, போதும், இனி யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி, பிரஷ்ஷக் கழுவி வெச்சாரு.”